மலைநாட்டுக் கண்ணாடித் தாழ்வாரம்

சிம்லாவின் பழைய பங்களாக்களைப் பார்த்தவர் எவரும் ஒன்றைக் கவனித்திருப்பர். சமவெளி வீடுகளில் திறந்த தாழ்வாரம் இருக்க வேண்டிய இடத்தில், மரச்சட்டங்களுக்கு இடையே சிறு சிறு கண்ணாடிகள் பதித்து அடைத்த நீண்ட கூடம் ஒன்று அங்கே காணப்படும். பிரம்பு நாற்காலிகள் இரண்டு, பூந்தொட்டிகள் சில, தரையிலே சாய்ந்து விழும் காலை வெயில். ஜனவரி மாதத்தில் வெளியே பனி படர்ந்திருக்கையில், கணப்பு மூட்டாமலே பகலில் அங்கு அமர்ந்து நாளிதழ் படிக்கலாம். ஜூன் மாதத்தில் அதே கூடம் உலையாகிவிடுவதில்லை. ஆகஸ்டில் மேகம் வாசலுக்கே வந்து நிற்கும்போது நனைந்து நாறுவதும் இல்லை. ஒரே கூடம் மூன்று பருவங்களுக்கும் எவ்வாறு இசைகின்றது? இதற்கு விடை கண்ணாடியில் இல்லை. கண்ணாடிக்கு மேலும் பின்னும் உள்ளவற்றிலேயே இருக்கின்றது. அந்த விடையை மனிதர் கண்டறிந்த வரலாற்றை ஈண்டுச் சற்றே காண்போம்.

கண்ணாடி வெயிலைப் பிடித்து வைக்கும் என்பது தோட்டக்காரர்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி. அதை அளந்து பார்க்கத் துணிந்தவர் ஜெனீவா நகரத்து அறிஞர் ஒராஸ் பெனடிக்ட் டெ சொசூர் என்பவர். 1767இல் அவர் ஒன்றினுள் ஒன்றாகக் கண்ணாடிப் பெட்டிகளை அடுக்கி வெயிலில் வைத்தார். உட்பெட்டியின் வெப்பம் 87 பாகை சென்டிகிரேடையும் கடந்தது. பிற்பாடு பெட்டியைச் சுற்றி வெப்பம் கசியாதபடி செய்து, அதனை ஆல்ப்ஸ் மலை மீது தூக்கிச் சென்று சோதித்தார். உச்சியில் காற்று மிகக் குளிர்ந்திருந்தது. அடிவாரத்திலோ இளஞ்சூடாக இருந்தது. ஆயினும் பெட்டியின் உள்ளே இரண்டு இடங்களிலும் வெப்பம் ஏறத்தாழ ஒரே அளவில் நின்றது. மலையின் குளிர் காற்றைச் சேர்ந்தது. வெயிலுக்கு அங்குக் குறைவில்லை. காற்றை விலக்கி வெயிலை மட்டும் அழைத்துக்கொள்ள முடிந்தால் மலையுச்சியிலும் குளிர்காயலாம். இந்த உண்மையை நாம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இமயமலைக்குச் செல்லும்போது இது மீண்டும் நமக்குத் துணைபுரியும்.

கண்ணாடி ஒளியை உள்ளே விட்டு, உள்ளிருந்து திரும்பும் வெப்பக் கதிரைத் தடுக்கிறது என்று பள்ளியில் கற்பிப்பர். அது உண்மையே, ஆனால் முழு உண்மை அன்று. 1909இல் அமெரிக்கப் பௌதிக அறிஞர் ஆர். டபிள்யூ. வுட் இரண்டு பெட்டிகளைச் செய்தார். ஒன்றைக் கண்ணாடியாலும், மற்றொன்றை வெப்பக் கதிரையும் வெளியே விட்டுவிடும் பாறை உப்புத் தகட்டாலும் மூடினார். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு சூடேறின. உள்ளே சூடான காற்று மேலெழுந்து வெளியேற வழியின்றி அடைபட்டதே பெருங்காரணம் என்று அதனால் தெரிந்தது. எனவே கண்ணாடிக் கூடத்தின் உயரத்தில் ஒரு சிறு திறப்பை வைத்தால் கூடம் விரைவில் தணியும். அடைத்தால் விரைவில் சூடேறும். இது பார்வைக்கு அற்பம். இந்த அற்பத்தை அறியாமல் கட்டப்பட்ட கூடங்களில்தான் மனிதர் வெந்து வெளியேறுகின்றனர்.

இங்கிலாந்தில் கண்ணாடி எடைக்கு 1746 முதல் வரி விதிக்கப்பட்டிருந்தது. ஆகவே கண்ணாடி வீடு செல்வர் பொருளாகவே இருந்தது. 1845இல் அவ்வரி நீங்கியதும் நடுத்தரக் குடும்பத்தாரும் வீட்டின் பக்கத்தில் ‘கன்சர்வேட்டரி’ என்னும் கண்ணாடிக் கூடத்தைச் சேர்க்கத் தொடங்கினர். அதன் சுவரும் கண்ணாடி, கூரையும் கண்ணாடி. ஆங்கில நாட்டு வெயில் மெலிந்தது, மேகமூட்டம் மிகுந்தது. கூரையிலும் ஒளி வேண்டியிருந்தது. கூரைக் கண்ணாடி இரவில் வீட்டின் சூட்டையெல்லாம் வானத்துக்கு வாரி வழங்கிவிடுமே என்ற கவலை அவர்களுக்கு இல்லை. தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய்களை ஓட்டி, நிலக்கரியை எரித்து அந்த நட்டத்தை ஈடுசெய்தனர்.

இவ்வழக்கத்தின் சிகரம் சாட்ஸ்வொர்த் மாளிகையில் ஜோசப் பாக்ஸ்டன் கட்டிய மாபெரும் கண்ணாடி மனை. 1836இல் தொடங்கி 1840இல் முடிந்த அதனை 8 கொதிகலங்கள் சூடாக்கின. அவற்றுக்கு நிலக்கரி கொண்டு செல்லவே தரைக்கு அடியில் தண்டவாளம் இட்டிருந்தனர். முதல் உலகப் போரில் நிலக்கரி தட்டுப்பாடு வந்தது. உள்ளிருந்த வெப்ப நாட்டுச் செடிகள் குளிரில் மடிந்தன. 1920இல் அந்த மனையையே வெடிவைத்துத் தகர்த்துவிட்டனர். அதே பாக்ஸ்டன் 1851ஆம் ஆண்டுப் பொருட்காட்சிக்காக லண்டனில் எழுப்பிய பளிங்கு மாளிகைக்கு ஏறத்தாழ 3 லட்சம் கண்ணாடிகள் பதிக்கப்பெற்றன. அங்கே தொல்லை நேர்மாறானது. கோடையில் கூட்டம் புழுங்கிவிடாதிருக்கக் கூரை மீது துணி விரிக்க வேண்டியதாயிற்று. கண்ணாடியைக் கட்டிவிட்டு, அதைத் துணியால் மூடியதைக் கண்டு நாம் நகைக்கலாம். ஆனால் அந்தத் துணிதான் அக்கட்டடத்தின் அறிவு.

இனி இந்தியாவுக்கு வருவோம். வராந்தா என்னும் சொல் இங்கிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றது. அதன் மூலம் போர்ச்சுக்கீசியமா, இந்திய மொழியா என்று அறிஞர் இன்னும் வழக்காடுவர். சொல்லோடு பொருளும் சென்றது. கன்சர்வேட்டரிக்கோ நம் மொழியில் நிலைத்த பெயர் எதுவும் இல்லை. வெயிலை வெளியே நிறுத்துவதே வீட்டின் கடமை என்று கருதிய மக்களுக்கு, வெயிலைப் பிடித்து அடைக்கும் அறைக்குப் பெயர் எதற்கு? கோவாவின் பழைய வீடுகளில் சன்னல்களுக்குக் கண்ணாடிக்குப் பதில் மெல்லிய கிளிஞ்சல் தகடுகளையே பதித்தனர். அவை ஒளியை மென்மையாக்கி உள்ளே விடும். கூசும் வெயிலைத் தடுத்துவிடும்.

மலைநாட்டிலோ நிலைமை வேறு. காஷ்மீரத்துப் பழைய வீடுகளில் பின்னல் வேலைப்பாடுள்ள மரச் சன்னல்கள் உண்டு. பனிக்காலம் நெருங்கியதும் அவற்றின் மேல் காகிதம் ஒட்டிவிடுவர். ஒளி புகும், காற்று புகாது. வசந்தம் வந்ததும் காகிதத்தைக் கிழித்தெறிவர். கண்ணாடிக்கு முன்னரே பருவத்துக்கு ஏற்ற சன்னலைக் கண்டவர்கள் அவர்கள். வீட்டை ஒரே நிலையில் நிறுத்தி வைப்பதன்று, பருவந்தோறும் அதன் ஆடையை மாற்றுவதே வழி என்பது அவ்வழக்கத்தில் தெளிவாகத் தெரிகின்றது.

ஆங்கிலேயர் சிம்லாவில் வீடு கட்டியபோது சமவெளியில் பழகிய தாழ்வாரத்தையும் உடன்கொண்டு சென்றனர். 1864இல் சிம்லா கோடைத் தலைநகரமாயிற்று. அலுவலகங்களும் எழுத்தர் குடும்பங்களும் ஆண்டுதோறும் மலை ஏறின. ஆனால் திறந்த தாழ்வாரம் அங்கே பயன்படவில்லை. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மழைச்சாரல் உள்ளே அடித்தது. பனிக்காலத்தில் காற்று அறுத்தது. அதனால் தாழ்வாரத்தின் வெளிப்புறத்தைக் கண்ணாடியால் அடைத்தனர். 1903இல் கால்கா சிம்லா ரயில் பாதை திறக்கப்படும் வரையில் ஒவ்வொரு கண்ணாடியும் மாட்டு வண்டியிலும் ஆள் முதுகிலும் ஏறி வர வேண்டியிருந்தது. சிறு கண்ணாடிகளாக இருந்தால் உடைவது குறைவு; உடைந்தாலும் ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். தேவதாரு மரச் சட்டமோ உள்ளூரிலேயே கிடைத்தது.

ஆங்கிலக் கூடத்துக்கும் சிம்லாக் கூடத்துக்கும் உள்ள பெரும் வேறுபாடு கூரையிலே இருக்கின்றது. பனி குவிந்து விழும் ஊரில் கண்ணாடிக் கூரை நில்லாது. ஆதலால் தாழ்வாரத்துக்கு ஏற்கெனவே இருந்த சரிந்த கூரையை அப்படியே விட்டனர். கண்ணாடி முகப்பில் மட்டும் நின்றது. வசதிக்காக அன்று, அவசியத்தால் செய்த இச்செயலே அக்கூடத்தின் வெற்றிக்குக் காரணமாயிற்று.

இதைக் கணக்கிட்டே பார்க்கலாம். சிம்லா வட அகலாங்கு 31 பாகையில் இருக்கிறது. டிசம்பர் மாத இறுதியில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 35 பாகை உயரத்திலேயே நிற்கும். தென்முகமாக 7 அடி உயரக் கண்ணாடி இருந்தால், அன்று வெயில் 10 அடி தொலைவுக்கு உள்ளே படர்ந்து, கூடத்தின் பின்சுவரையும் தொட்டுவிடும். ஜூன் மாத இறுதியிலோ சூரியன் 82 பாகைக்கு ஏறி, ஏறத்தாழத் தலைக்கு நேரே வந்துவிடுகிறது. அப்போது ஓரடி நீண்ட இறவாரம் 7 அடிக்கு மேல் நிழல் தரும். கண்ணாடி முழுவதும் நிழலில் ஒதுங்கிவிடும். எவரும் ஒரு விசையையும் திருப்பாமலே, வேண்டிய காலத்தில் வெயில் வருகிறது, வேண்டாத காலத்தில் விலகுகிறது. கூரையும் கண்ணாடியாக இருந்திருந்தால் ஜூன் மாதச் சூரியன் நேராக உள்ளே இறங்கியிருப்பான்.

இந்தக் கணக்கு தென்முகத்துக்கே பொருந்தும் என்பதை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். மேற்கு முகத்தில் மாலை வெயில் எந்தப் பருவத்திலும் தாழ்ந்தே வரும்; எந்த இறவாரமும் அதைத் தடுக்காது. மேற்குப் பார்த்த கண்ணாடிக்கு வெளியே மூங்கில் தட்டியைத் தொங்கவிட வேண்டும். உள்ளே தொங்கும் திரை அழகுக்கு உதவலாம். வெயில் கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்த பிறகு திரை அதைத் தடுத்து யாது பயன்? வெப்பம் ஏற்கெனவே வீட்டின் விருந்தாளியாகிவிட்டது.

மழைக்காலத்தில் வேறொரு பகை தோன்றும். மேகம் சூழ்ந்த நாள்களில் காற்று நீர் நிறைந்து கனத்திருக்கும். கூடத்தை முற்றிலும் அடைத்து வைத்தால் கண்ணாடியின் உட்புறத்தில் நீர் முத்து முத்தாகக் கோத்து வழியும். சட்டத்தின் அடிமரம் ஊறி மக்கும். பிரம்பு நாற்காலியில் பூஞ்சணம் படரும். இதற்காகக் கண்ணாடி வரிசையின் மேல்விளிம்பில் சிறு சன்னல்களை வைத்து, மழையிலும் அவற்றைச் சிறிதளவு திறந்தே வைப்பர். இறவாரத்தின் அடியில் இருப்பதால் சாரல் அங்கு எட்டாது. வுட் பெட்டி வைத்து நிறுவிய தத்துவத்தை, சிம்லாவின் வேலையாள் கொக்கி மாட்டிய கோல் ஒன்றால் நாள்தோறும் நடத்திக்கொண்டிருந்தான்.

இவ்வளவும் பகலைப் பற்றியது. இரவே கண்ணாடிக் கூடத்துக்கு உண்மையான சோதனை. ஒற்றைக் கண்ணாடி வழியே வெப்பம் வெளியேறும் வேகம் மிகப் பெரிது. சூரியன் மறைந்த ஓரிரு மணி நேரத்தில் கூடம் வெளிக்குளிரை எட்டத் தொடங்கிவிடும். கனத்த திரையிட்டு, கூடத்துக்கும் அறைக்கும் இடையிலுள்ள கதவைச் சாத்துவது ஒரு வழி. பகல் வெயிலைச் சேமித்து வைக்கும் சுவரைக் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்துவது மற்றொரு வழி. இந்த இரண்டாம் வழி இந்தியாவில் முதிர்ந்தது சிம்லாவில் அன்று. அதற்கும் வடக்கே, மிக உயர்ந்த வறண்ட நாடாகிய லடாக்கில்.

லே நகரம் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டு மழை சுமார் 100 மில்லிமீட்டரே. வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். வெயில் கூர்மையாக அடிக்கும். பனிக்கால இரவுகளிலோ வெப்பநிலை சுழிக்குக் கீழே 20 பாகை வரை இறங்குவதுண்டு. சொசூர் மலையுச்சிக்குத் தூக்கிச் சென்ற பெட்டிக்கு இதைவிடப் பொருத்தமான நாடு கிடையாது. ஆனால் காடு இல்லை. விறகு அரிது. அடுப்புக்குச் சாண வறட்டியே முதல். அந்தச் சாணமே வயலுக்கும் எருவாக வேண்டும். அடுப்பில் எரிந்த ஒவ்வொரு வறட்டியும் வயலுக்குக் கிட்டாத எரு. ஆகவே குடும்பம் முழுவதும் பனிக்காலத்தில் சமையலறை ஒன்றிலேயே ஒடுங்கி, புகையிலும் சாம்பலிலும் பல திங்கள்களைக் கழிப்பது வழக்கமாயிற்று. கண்ணாடி அங்கே அழகுப் பொருளன்று. கண்ணெரிச்சலும் இருமலும் இல்லாத ஒரு பகற்பொழுதை அது குழந்தைகளுக்கும் முதியோருக்கும் தரவல்லது.

பழைய லடாக்கி வீட்டில் மண் சுவர் தடித்தது, சன்னல் சிறியது. மேல்மாடியில் ‘ரப்சால்’ எனும் மரவேலைப்பாடுள்ள முன்தள்ளிய சன்னல் மாடம் இருக்கும். 1960களில் ஸ்ரீநகரிலிருந்து மோட்டார் சாலை அமைந்த பிறகு கண்ணாடி எளிதாக வரத் தொடங்கியது. அதன்பின் மேல்மாடியின் தென்புறத்தை முழுவதும் கண்ணாடியால் அமைக்கும் வழக்கம் பரவிற்று. ‘ஷெல்காங்’ என்பது அதற்குப் பெயர். ஷெல் என்றால் கண்ணாடி. காங் என்றால் அறை. ஆங்கிலச் சொல்லின் அலங்காரம் எதுவும் இல்லாத நேர்மையான பெயர். பகலில் பெண்கள் அங்கே அமர்ந்து கம்பளி நூற்பர். பிள்ளைகள் பாடம் படிப்பர். பொழுது சாய்ந்ததும் அனைவரும் அடுப்பறைக்கு இறங்கிவிடுவர். அறை மாடியில் தனித்து நிற்பதாலும், அதன் வெப்பத்தை வாங்கி வைக்கும் கனத்த சுவர் கண்ணாடிக்கு நேரே இல்லாததாலும், ஷெல்காங் பெரிதும் பகல் அறையாகவே நின்றுவிட்டது.

இக்குறைக்கு மாற்று வேறொரு மலைநாட்டிலிருந்து வந்தது. பிரான்சின் பிரனீஸ் மலையில் ஒதேயோ என்னும் ஊரில், பெலிக்ஸ் திரோம்ப் என்னும் பொறியியல் அறிஞரும் ஜாக் மிஷெல் என்னும் கட்டடக் கலைஞரும் 1967இல் ஒரு வீடு கட்டினர். தென்சுவரைக் கனமாக எழுப்பி, கறுப்பு வண்ணம் பூசி, சிறிது இடைவெளி விட்டு அதன்முன் கண்ணாடியை நிறுத்தினர். பகலெல்லாம் சுவர் சூட்டைக் குடிக்கும். அச்சூடு சுவரினுள்ளே மெல்ல நடந்து, மாலையிலும் இரவிலும் அறைக்குள் எட்டிப் பார்க்கும். இதே கருத்துக்கு அமெரிக்காவில் எட்வர்ட் மோர்ஸ் 1881இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். எனினும் பெயர் திரோம்புக்கே நிலைத்துவிட்டது. ஓரடி தடித்த மண் சுவரை வெப்பம் கடக்க ஏறத்தாழ 10 மணி நேரம் ஆகும். நண்பகல் வெயில் இரவு 10 மணிக்கு அறைக்கு வருகிறது என்றால், அஞ்சலில் போட்ட கடிதம் உரிய வேளையில் வந்து சேர்வது போலன்றோ!

1978இல் லடாக்கில் பணி தொடங்கிய ஹெலனா நார்பெர்க்-ஹாட்ஜ் இவ்வகைச் சுவரை அங்கே அறிமுகம் செய்ய முயன்றார். 1983இல் லே நகரில் லடாக் சூழல் வளர்ச்சிக் குழு அமைந்தது. மண், கல், பாப்ளார் மரம் ஆகிய உள்ளூர்ப் பொருள்களே போதும். கண்ணாடி மட்டும் வெளியிலிருந்து வர வேண்டும். லடாக்கி மண் செங்கல் தானாகவே தடித்தது. அதன்மேல் கருமை பூசுவதே புதுமை. அந்நியர் கற்பித்தார் என்பதைவிட, உள்ளூர் மண் சுவருக்குக் கண்ணாடி ஒரு சால்வையாக வந்து சேர்ந்தது என்பதே பொருத்தம்.

சோனம் வாங்சுக் முதலிய இளைஞர் 1988இல் தொடங்கிய செக்மால் என்னும் மாணவர் கல்வி இயக்கம், லேக்கு அருகில் பே என்னும் ஊரில் தன் வளாகத்தை அமைத்தது. மண் சுவர்களால் எழுந்து தென்முகம் நோக்கி நிற்கும் அக்கட்டடங்களின் முன்னே, பனிக்காலம் தொடங்குமுன் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டுகின்றனர். உள்ளே கீரையும் விளைகிறது; அறையும் சூடேறுகிறது. வசந்தத்தில் விரிப்பைச் சுருட்டி எடுத்துவிடுகின்றனர். காஷ்மீரத்தார் காகிதம் ஒட்டிக் கிழித்ததன் மறுபிறப்பு இது.

இன்று மலைநாடெங்கும் சிமெண்டுக் கட்டடங்கள் எழுகின்றன. மண் சுவரைப் பழமை என்று ஒதுக்கி, மெல்லிய கான்கிரீட்டுச் சுவரும் அலுமினியச் சட்டமும் பெரிய கண்ணாடியும் வைத்துக் கட்டுகின்றனர். அலுமினியம் வெப்பத்தை விரைந்து கடத்துவது. தேவதாருச் சட்டத்துக்கு அந்தக் குற்றம் இல்லை. சுவரில் சேமிப்பு இல்லாததால் பகலில் அறை கொதிக்கிறது, இரவில் உறைகிறது. அதன்பின் மண்ணெண்ணெய்க் கணப்போ மின்கணப்போ தேவைப்படுகிறது. பளபளப்பைக் கண்டு மயங்கிப் பழைய சுவரை இடிப்பவருக்கு இந்தக் கணக்கை யாரேனும் சொல்ல வேண்டும்.

இரட்டைக் கண்ணாடி இரவு நட்டத்தைப் பாதியளவுக்குக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் இரண்டு கண்ணாடிகளின் இடையே காற்றை அடைத்து முத்திரையிட்டுச் சமவெளி ஆலையில் செய்த பலகையை லேக்கு ஏற்றிச் சென்றால், வெளிக்காற்றின் அழுத்தம் அங்கே மூன்றில் இரண்டு பங்கே இருப்பதால், உள்ளே அடைபட்ட காற்று கண்ணாடியைப் புடைக்கச் செய்கிறது, விரிசலும் காணலாம். உயரத்துக்கென்றே அழுத்தத்தைச் சமன்செய்யும் ஏற்பாட்டுடன் செய்த பலகையைக் கேட்டு வாங்க வேண்டும். இல்லையேல் இரண்டு தனித்தனி மரச் சன்னல்களை ஒன்றன்பின் ஒன்றாக வைப்பதே மேல். உள்ளூர்த் தச்சரால் அது முடியும்.

சமவெளியிலும் இப்போது மாடி முகப்பைக் கண்ணாடியால் அடைக்கும் வழக்கம் பெருகிவிட்டது. டில்லியில் மேற்குப் பார்த்த தாழ்வாரத்தை அடைத்துவிட்டு, மே மாதத்தில் அதைக் குளிர்விக்க இயந்திரம் வைப்பவர் பலர். மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன அமைப்பு 2018இல் வெளியிட்ட ‘எகோ நிவாஸ் சம்ஹிதா’ என்னும் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, வெப்ப நாட்டு வீடுகளின் புறச்சுவர் வழியே உள்ளே வரும் வெப்பத்துக்குச் சதுர மீட்டருக்கு 15 வாட் என்று வரம்பு கட்டியுள்ளது. கண்ணாடியின் பரப்பு, அது நோக்கும் திசை, அதன்மேல் விழும் நிழல் ஆகிய மூன்றும் அக்கணக்கில் சேரும். குளிர்நாட்டு வீடுகளுக்கு அதே தொகுப்பு வேறு அளவை வகுத்துள்ளது. அங்கே வெளியேறும் வெப்பமே கவலை.

கண்ணாடித் தாழ்வாரம் கட்ட விரும்புவோர் முதலில் கேட்க வேண்டியது கண்ணாடியின் விலையை அன்று. திசை எது, கூரை எவ்வளவு நீளும், பின்சுவர் எதனால் ஆனது, மேல்சன்னலை யார் திறப்பார் என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்வியே கடினமானது. செக்மால் வளாகத்தில் அவ்வேலைகளில் மாணவர்களும் பங்கு கொள்கின்றனர். லே நகரத்தில் முதியோர் மட்டும் தங்கிவிட்ட வீடுகளில், இலையுதிர் காலத்தில் யாரேனும் ஏணி வைத்து ஏறி, சென்ற கோடையின் புழுதியைக் கண்ணாடியிலிருந்து கழுவித் தர வேண்டியிருக்கிறது. புழுதி படிந்த கண்ணாடி வெயிலில் ஒரு பங்கைத் திருப்பியனுப்பிவிடும். டிசம்பர் மாதத்தில் அந்த ஒரு பங்கும் வேண்டும்.